பதினேழு மாதப் படை: பர்கா மண்ணில் இரண்டாம் கவச டிவிஷன்

வடஆபிரிக்கப் போர்க்களம் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களைச் சுற்றியே எழுதுவார்கள்: ரொமெல், தொப்ரூக், அல்-அலமைன். பிரித்தானியாவின் 2ஆம் கவச டிவிஷனுக்கு அந்தப் பெரும் நூல்களில் கிடைப்பது சில பக்கங்கள்தான். 1939 டிசம்பர் 15இல் அமைக்கப்பட்டது. 1941 மே 10இல் கலைக்கப்பட்டது. பதினேழு மாதம்கூட முழுசா இல்லை. அதிலும் எதிரியோடு நேருக்கு நேர் நின்றது ஒன்பது நாள். அதன் பிறகு அந்தப் பெயரில் ஒரு டிவிஷனை பிரித்தானியா அந்த யுத்தத்தில் மறுபடி கட்டவில்லை.

இப்படியொரு படையைப் பற்றி நமது சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு. ஒன்று, அந்தப் படை சிதறிய மண் உமர் முக்தாரின் மண். அல்-உகைலா, மர்ஸா அல்-புரைகா, ஸுலூக், ஜபலுல் அக்தர் என்று யுத்த வரைபடத்தில் வரும் ஊர்ப் பெயர்களை லிபியர்கள் பத்து வருஷத்துக்கு முன்பே வேறொரு காரணத்துக்காகக் கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு, கடைசி நாளில் அந்தப் படையோடு நின்று மாட்டிக்கொண்டவர்களில் இந்தியத் துணைக்கண்டத்து முஸ்லிம் சிப்பாய்களும் இருந்தார்கள். ஆங்கில நூல்கள் ஜெனரல்களின் கதையைச் சொல்லும்போது இந்த இரண்டையும் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றன. அடிக்குறிப்பை நடுப்பக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் என் நோக்கம்.

மண்ணின் முன்கதை

எங்கட ஆக்களில் பலர் உமர் முக்தாரை அறிந்தது 1981இல் வெளிவந்த முஸ்தபா அக்காதின் திரைப்படத்தின் மூலம்தான். குர்ஆன் ஓதிக்கொடுத்த ஒரு முதியவர் இருபது வருஷம் இத்தாலியரை எதிர்த்து நின்று, 1931 செப்டெம்பர் 16இல் ஸுலூக்கில் தூக்கிலிடப்பட்டார். அந்தப் போராட்டத்தை முறிப்பதற்கு ஜெனரல் கிராஸியானி கையாண்ட வழி, போராளிகளை மட்டும் தேடிப் பிடிப்பதல்ல. அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்கும் மக்களையே அப்புறப்படுத்துவது. 1930இலிருந்து ஜபலுல் அக்தர் மலைப்பகுதியின் கோத்திரங்கள், சுமார் ஒரு இலட்சம் பேர், கால்நடைகளோடு பாலைவனக் கரைக்கு நடத்திச் செல்லப்பட்டு முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பசியாலும் நோயாலும் பல்லாயிரக்கணக்கானோர் மௌத்தாகினர். கால்நடைகளில் பெரும்பகுதி அழிந்தது. எகிப்து எல்லையில் நீண்ட முள்வேலியும் போடப்பட்டது.

அந்த முகாம்கள் இருந்த இடங்களில் அல்-உகைலா ஒன்று, மர்ஸா அல்-புரைகா இன்னொன்று. அல்-உகைலா முகாமில் இருந்த ரஜப் புஹுவைஷ் என்ற கவிஞர் அங்கு பட்ட துயரத்தை நீண்ட கவிதையாகப் பாடினார். லிபியர்கள் அதை இன்றும் மனனமாகச் சொல்வார்கள். 1941 மார்ச்சில் 2ஆம் கவச டிவிஷன் தன் முன்னரணை அமைத்தது இதே அல்-உகைலாவுக்கும் மர்ஸா அல்-புரைகாவுக்கும் இடையில்தான். பிரித்தானிய யுத்த நூல்கள் இந்த இடத்தை உப்புச் சதுப்பும் மணல்மேடும் கொண்ட நல்லதொரு தற்காப்பு அமைவிடம் என்று மட்டும்தான் வர்ணிக்கின்றன.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1940 செப்டெம்பர் 13இல் எகிப்துக்குள் நுழைந்த இத்தாலியப் படைக்குத் தலைமை தாங்கியவர் அதே கிராஸியானி. சீதி பர்ரானியில் போய் அவர் நின்றுவிட்டார். டிசம்பர் 9இல் தொடங்கிய பிரித்தானிய எதிர்த்தாக்குதல் இரண்டு மாதத்தில் அவரது படையைத் துடைத்தெறிந்தது. 1941 பெப்ரவரி 7இல் பைதா ஃபும் என்ற இடத்தில் எல்லாம் முடிந்தபோது ஏறத்தாழ 1,30,000 பேர் கைதாகியிருந்தார்கள். கிராஸியானி பதவி விலகினார். பர்காவின் மக்கள் அன்று சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்பதைச் சொல்ல ஆதாரம் தேடத் தேவையில்லை. அந்தச் சந்தோஷத்தைக் காப்பாற்றும் பொறுப்பு யாரிடம் கொடுக்கப்பட்டது என்பதுதான் இந்தக் கதை.

பெயர் ஒன்று, படை துண்டு துண்டாக

கவச டிவிஷன் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைய பிரித்தானிய முறைப்படி அதில் இரண்டு கவச பிரிகேட்கள், ஒவ்வொன்றிலும் மூன்று தாங்கி ரெஜிமென்ட்கள் இருக்க வேண்டும். அவற்றோடு காலாட்படையும் பீரங்கியும் சேர்ந்த ஒரு துணைக்குழு. இவற்றையெல்லாம் ஓட வைக்கப் பட்டறை, பெற்றோல் லொறிகள், தொலைத்தொடர்பு. தாங்கி முன்னால் தெரிகிறது. ஆனால் அதை நடத்துவது பின்னால் வரும் லொறி. லொறி இல்லாத தாங்கி வெறும் இரும்புப் பெட்டிதான்.

2ஆம் கவச டிவிஷனுக்கு ஆரம்பத்திலிருந்தே எதுவும் ஒழுங்காக அமையவில்லை. முதல் தளபதி மேஜர் ஜெனரல் ஹொட்பிளக், 1940 ஏப்ரலில் நோர்வேக்கு அனுப்பப்பட இருந்த தறுவாயில் லண்டன் தெருவொன்றில் பக்கவாதத்தால் விழுந்தார். அடுத்து வந்த டிலி 1941 ஜனவரியில் காலமானார். மூன்றாவதாக பெப்ரவரியில் பொறுப்பேற்றவர் மேஜர் ஜெனரல் காம்பியர்-பெரி. போர்க்களத்துக்குப் போவதற்கு ஆறு ஏழு வாரத்துக்கு முன்னால்தான் அவருக்குத் தன் படையே அறிமுகம்.

1940 கோடையில் பிரான்ஸ் விழுந்த பிறகு இங்கிலாந்தைக் காக்க மிஞ்சியிருந்த கொஞ்சக் கவசப் படைகளில் இதுவும் ஒன்று. அப்போது அதன் கையில் இருந்தவை பெரும்பாலும் இலகுரகத் தாங்கிகள். பிறகு எகிப்துக்கு அனுப்பப்பட்டது. டன்கேர்க்குக்குப் பிந்திய அவசரத்தில் ரெஜிமென்ட்களை ஒரு டிவிஷனிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடுவது வழக்கமாகிவிட்டிருந்தது. ஆகவே எகிப்தில் வந்திறங்கிய டிவிஷன் இங்கிலாந்தில் பயிற்சி எடுத்த அதே டிவிஷன் அல்ல.

அங்கேயும் அது முழுசாக நிற்கவில்லை. கிரேக்கத்துக்கு உதவி அனுப்புவதென்று 1941 பெப்ரவரியில் முடிவாயிற்று. டிவிஷனின் 1ஆம் கவச பிரிகேட் அப்படியே கிரேக்கத்துக்குக் கப்பலேறியது. அதனோடு போன ஐம்பதுக்கு மேற்பட்ட குரூஸர் தாங்கிகளில் மிகப் பெரும்பாலானவை எதிரியின் குண்டால் அழியவில்லை; சங்கிலித் தடங்கள் அறுந்து, மலைப்பாதைகளில் கைவிடப்பட்டன. மிஞ்சிய பாதி டிவிஷன் மேற்கே பர்காவுக்குப் போயிற்று. அனுபவம் மிக்க 7ஆம் கவச டிவிஷன் தேய்ந்துபோன தாங்கிகளோடு ஓய்வுக்காக எகிப்து திரும்ப, அதன் இடத்தில் இந்தப் பாதி நின்றது.

அந்தப் பாதியின் இலட்சணத்தையும் பார்ப்போம். 3ஆம் கவச பிரிகேட்டில் மூன்று ரெஜிமென்ட்கள். ஒன்றிடம் இலகுரகத் தாங்கிகள். ஒன்றிடம் இங்கிலாந்திலிருந்து வரும்போதே பாதி தேய்ந்துபோயிருந்த குரூஸர்கள். மூன்றாவதான 6ஆம் றோயல் தாங்கி ரெஜிமென்ட்டிடம் சொந்தத் தாங்கியே இல்லை. பைதா ஃபுமில் கைப்பற்றப்பட்ட இத்தாலியத் தாங்கிகளைக் கொடுத்தார்கள். அவை டீசலில் ஓடுபவை. பிரித்தானிய வண்டிகள் பெற்றோலில் ஓடுபவை. ஒரே பிரிகேட்டுக்கு இரண்டு வகை எரிபொருள், அதைச் சுமக்க லொறி போதாது. மார்ச் நடுப்பகுதியில் நேரில் பார்க்கப் போன பிரதம தளபதி வேவல், டிவிஷனின் 52 குரூஸர் தாங்கிகளில் பாதி பட்டறையில் கிடப்பதைக் கண்டு திடுக்கிட்டார். தாங்கிகள் நகரத் தொடங்கினால் சுமார் பத்து மைலுக்கு ஒன்று வீதம் பழுதாகி நிற்கும் என்று காம்பியர்-பெரி முன்கூட்டியே கணக்குச் சொல்லியிருந்தார். சண்டையே வேண்டாம், சும்மா ஓடினாலே படை கரையும் என்பதுதான் அந்தக் கணக்கின் பொருள்.

லொறி போதாததால் பெற்றோலையும் உணவையும் பாலைவனத்தில் ஆங்காங்கே குவித்து வைத்தார்கள். மஸூஸ் ஒரு களஞ்சியம், முகைலி இன்னொன்று. படை எங்கே போக வேண்டும் என்பதை இனி எதிரியின் நிலை தீர்மானிக்கப் போவதில்லை, பெற்றோல் இருக்கும் இடம்தான் தீர்மானிக்கப் போகிறது.

ஒன்பது நாள்

ரொமெல் திரிப்போலியில் இறங்கியது பெப்ரவரி 12இல். மே மாதம் அடுத்த ஜேர்மன் டிவிஷன் வந்து சேரும்வரை பெரிய தாக்குதல் வேண்டாம் என்பதே பெர்லினின் உத்தரவு. இத்தாலிய மேலதிகாரி கரிபோல்டியும் அதையே சொன்னார். பிரித்தானிய உளவுத்துறைக்கும் இந்தத் தகவல் தெரிந்திருந்தது. அதனால்தான் வேவல் துணிந்து படைகளைக் கிரேக்கத்துக்கு அனுப்பினார். அவரது கணக்கில் பிழை இல்லை. உத்தரவை ரொமெல் மீறுவார் என்ற ஒன்றுதான் கணக்கில் வரவில்லை.

மார்ச் 24இல் அல்-உகைலா ஜேர்மனியரிடம் போயிற்று. மார்ச் 31இல் மர்ஸா அல்-புரைகா தாக்கப்பட்டது. பிரிகேடியர் லேதமின் துணைக்குழு நாள் முழுதும் நின்று பிடித்தது. மாலையில் அவர் பக்கவாட்டில் தாங்கிகளைக் கொண்டு எதிர்த்தாக்கும்படி கேட்டார். பொழுது போதாது என்று காம்பியர்-பெரி மறுத்துவிட்டார். அந்தத் தாங்கிகள் அன்று இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பத்து மைலுக்கு ஒன்று கழியும் தாங்கிகளை வைத்திருந்த ஒருவருடைய தயக்கத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் அதன் பிறகு அந்த டிவிஷனுக்கு ஒழுங்காக நின்று சண்டையிடும் சந்தர்ப்பம் வாய்க்கவேயில்லை.

ஏப்ரல் 2இல் அஜ்தாபியா விழுந்தது. அன்று டிவிஷனிடம் எஞ்சியவை 22 குரூஸர்களும் 25 இலகுரகத் தாங்கிகளும். அதே நாள் வேவல் விமானத்தில் வந்து சேர, உத்தரவுகள் குழம்பின. பெங்காஸி வீதியை மறிக்க வேண்டும் என்பது ஒருவர் விருப்பம். பாலைவனப் பக்கம் சேர்ந்து விலக வேண்டும் என்பது இன்னொருவர் முடிவு. வானொலித் தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. ஏப்ரல் 3இல் படை மஸூஸை நோக்கித் திரும்பியது. போய்ச் சேர்ந்தபோது அங்கே பெற்றோலில் பெரும்பகுதி எரிக்கப்பட்டிருந்தது. எதிரி நெருங்குகிறான் என்ற பிழையான செய்தியை நம்பிக் காவலுக்கு நின்றவர்களே அதற்கு நெருப்பு வைத்துவிட்டார்கள்.

அதோடு சரி. பிரிகேட் முகைலிக்குப் போக வேண்டியது. பெற்றோல் போதாமல் வடக்கே தர்னாவை நோக்கி வளைந்தது. வழிநெடுக தாங்கிகள் ஒவ்வொன்றாக நின்றன. பிரிகேடியர் ரிமிங்டன் காயத்தோடு பிடிபட்டுச் சில நாளில் இறந்தார். ஏப்ரல் 6ஆம் திகதி இரவு பர்காவின் தளபதி ஜெனரல் நீமும், பைதா ஃபும் வெற்றியின் நாயகனான ஜெனரல் ஓகொனரும் தர்னா அருகே ஒரே காரில் ஜேர்மன் ரோந்துப் படையிடம் அகப்பட்டார்கள். காம்பியர்-பெரியின் தலைமையகம் மட்டும் முகைலியை அடைந்தது. தாங்கிகள் என்று சொல்லத்தக்க எதுவும் அவருடன் இல்லை. கவச டிவிஷனின் தளபதி கவசமில்லாத ஒரு கோட்டைக்குள் வந்து சேர்ந்தார்.

முகைலி

ஆங்கில நூல்களில் மெக்கிலி என்று வரும் இந்த இடம், பாலைவனப் பாதைகள் பல சந்திக்கும் ஒரு சிறு பழங்கோட்டை. ஏப்ரல் 4 முதல் அதைப் பிடித்து வைத்திருந்தது பிரிகேடியர் வோகனின் 3ஆம் இந்திய மோட்டார் பிரிகேட். 2ஆம் லான்சர்ஸ், 11ஆம் குதிரைப்படை, 18ஆம் குதிரைப்படை ஆகிய மூன்றும் இந்தியாவின் பழைய குதிரைப்படை ரெஜிமென்ட்கள். குதிரையிலிருந்து இறக்கி லொறியில் ஏற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். கவச வண்டி கிடையாது. சொந்தப் பீரங்கி கிடையாது. பெரும்பாலும் துப்பாக்கிதான்.

பிரித்தானிய இந்தியப் படையில் ஆட்களை மதம், சாதி பார்த்துத் தனித்தனி அணியாகச் சேர்ப்பதே முறை. இந்த மூன்றிலும் முஸ்லிம் அணிகள் இருந்தன. 11ஆம் குதிரைப்படையில் பஞ்சாபி முஸ்லிம்களோடு சீக்கியரும் டோக்ராக்களும். மற்ற இரண்டில் ராஜபுத்திரர், ஜாட்களோடு வடஇந்திய முஸ்லிம்கள். 18ஆம் குதிரைப்படையில் இருந்த ராஜஸ்தானின் கைம்கானிகள் தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் பிள்ளை அனுப்பும் சமூகம். இவர்கள் சுட்டுக்கொண்டு நின்ற பாலைவனத்தின் கிணற்றடிகளில் ஸனூஸி ஸாவியாக்கள் இருந்தன. சுற்றியிருந்த பதவிகளும் அதே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள்தான். இந்தச் சிப்பாய்கள் அதை எப்படி உணர்ந்தார்கள் என்று எழுதிவைக்க அவர்களில் யாருக்கும் வசதி கிடைக்கவில்லை. ஜெனரல்கள் நினைவுக் குறிப்பு எழுதினார்கள். ஸவார்கள் ஊருக்குக் காசு அனுப்பினார்கள்.

சரணடையும்படி ரொமெலின் பக்கத்திலிருந்து ஒரு தடவைக்கு மேல் தூது வந்தது, மறுக்கப்பட்டது. ஏப்ரல் 8 விடியற்காலை, சுற்றிவளைப்பை உடைத்து வெளியேறப் பார்த்தார்கள். புழுதிக்குள் நடந்த அந்த ஓட்டத்தில் சில அணிகள் தப்பின, பெரும்பகுதி தப்பவில்லை. காம்பியர்-பெரியும் வோகனும் உட்பட இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள். தப்பியவர்களில் 2ஆம் லான்சர்ஸின் மேஜர் ராஜேந்திரசிங்ஜி தன் அணியோடு வெளியேறியதுமல்லாமல் சுமார் 300 எதிரிகளைக் கைதிகளாகவும் கொண்டுவந்தார். அதற்காக டீ.எஸ்.ஓ. பதக்கம் பெற்றார், அந்த யுத்தத்தில் அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பின்னர் சுதந்திர இந்தியாவின் தரைப்படைத் தளபதியாகவும் ஆனார். ரொமெலுக்குக் கிடைத்தது பிரித்தானியரின் பெரிய கட்டளை வாகனங்கள். படங்களில் அவர் தொப்பிக்கு மேல் தெரியும் அந்தக் கண்ணாடியும் முகைலியின் கொள்ளைப் பொருள்தான்.

முகைலியில் நின்ற அந்தச் சில நாட்கள் வீண்போகவில்லை. கரையோரமாக விலகிய அவுஸ்திரேலிய 9ஆம் டிவிஷன் தொப்ரூக்குக்குள் நுழைந்து அரணைச் சரிசெய்ய அந்த அவகாசம் உதவியது. தொப்ரூக் எட்டு மாதம் முற்றுகையைத் தாங்கியது. 18ஆம் குதிரைப்படையும் அந்த முற்றுகைக்குள் நின்றது.

கைதானவர்களும் கைவிடப்பட்டவர்களும்

காம்பியர்-பெரி, நீம், ஓகொனர் ஆகியோர் இத்தாலியில் புளோரன்ஸ் அருகே வின்சிலியாத்தா என்ற கோட்டையில் வைக்கப்பட்டார்கள். அவர்களின் தப்பியோடல் முயற்சிகள் பற்றி நூல்கள் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கு நேர்ந்தது வேறு. முகைலி விழுந்த அதே ஏப்ரலில்தான் சுபாஷ் சந்திரபோஸ் பெர்லின் வந்து சேர்ந்தார். அவர் கட்டிய ஆசாத் ஹிந்த் படையணிக்கு முதலில் ஆள் தேடப்பட்டது முகைலியில் பிடிபட்டவர்கள் மத்தியில்தான். அதில் முஸ்லிம், இந்து, சீக்கியர் என்று அணி பிரிக்காமல் கலந்தே வைத்தார்கள். சிலர் சேர்ந்தார்கள், பலர் மறுத்தார்கள். சேர்ந்தவரைத் துரோகி என்றோ மறுத்தவரை அடிமை என்றோ இலேசாகச் சொல்லிவிட முடியாது. வேறொருவனுடைய யுத்தத்தில் பிடிபட்டு, மூன்றாமவன் நாட்டு முகாமில் இருந்துகொண்டு, சொந்த நாட்டின் சுதந்திரத்துக்கு எது வழி என்று முடிவெடுக்கச் சொன்னால் யாருக்குத்தான் தெளிவு வரும்?

பர்காவின் மக்களுக்கு அந்தத் தெரிவுகூட இல்லை. ஸனூஸித் தலைவர் ஸெய்யித் இத்ரீஸ் 1940 ஓகஸ்டில் கெய்ரோவில் பிரித்தானியரோடு உடன்பட்டு லிபிய அரபுப் படை அமைக்க வழிசெய்திருந்தார். அதை நம்பி பெப்ரவரியில் பிரித்தானியரை வரவேற்றவர்கள் ஏப்ரலில் இத்தாலியரின் பழிவாங்கலுக்கு முகம்கொடுத்தார்கள். பெங்காஸி அந்த யுத்தத்தில் ஐந்து முறை கை மாறியது: 1941 பெப்ரவரி, ஏப்ரல், டிசம்பர், 1942 ஜனவரி, நவம்பர். ஒவ்வொரு மாற்றத்திலும் யார் யாருக்குச் சோறு கொடுத்தார் என்ற விசாரணை வந்தது. ஸனூஸிகள் மீண்டும் இத்தாலியரின் கீழ் விடப்படமாட்டார்கள் என்று அந்தனி ஈடன் லண்டன் பாராளுமன்றத்தில் அறிவித்தது 1942 ஜனவரியில்தான். அதே மாதமே பெங்காஸி மறுபடியும் விழுந்தது. லிபியா சுதந்திரம் பெற 1951 டிசம்பர் 24வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

யார் பிழை?

இந்தத் தோல்வியை ரொமெலின் மேதைமைக்கு எழுதிவைப்பவர்கள் ஒரு பக்கம், காம்பியர்-பெரியின் தலையில் போடுபவர்கள் இன்னொரு பக்கம். என் வாசிப்பில் இரண்டும் பாதி உண்மை. ரொமெல் துணிந்தார், உண்மைதான். ஆனால் அவர் உடைத்தது ஒரு டிவிஷனை அல்ல. டிவிஷன் என்ற பெயரை. பாதி கிரேக்கத்தில், மீதியில் பாதி பட்டறையில், மிஞ்சியது கடன் வாங்கிய தாங்கியில். வரைபடத்தில் ஒரு குறி இருந்தால் அங்கே ஒரு படை இருக்கிறது என்று மேலிடம் நம்பியது. அந்த நம்பிக்கையை வைத்தே இரண்டு போர்முனைகளை ஒரே நேரத்தில் திறந்தது. விலையைக் கொடுத்தவர்கள் மர்ஸா அல்-புரைகாவில் நின்ற லண்டன் கிழக்குப்புறத்து இளைஞர்கள், முகைலியில் நின்ற ஸவார்கள், பெங்காஸியின் குடிமக்கள்.

ஒரு மாதம் கழித்து, மே 10இல், டிவிஷன் தாள்களிலிருந்தும் நீக்கப்பட்டது. இந்தியக் குதிரைப்படைகளுக்கு மட்டும் கதை தொடர்ந்தது. 1947 பிரிவினையில் 11ஆம் குதிரைப்படை பாகிஸ்தானுக்கும், 2ஆம் லான்சர்ஸும் 18ஆம் குதிரைப்படையும் இந்தியாவுக்கும் பங்கிடப்பட்டன. 1965 செப்டெம்பரில் சியால்கோட் பகுதியில் நடந்த தாங்கிச் சண்டைகளில், முகைலியில் ஒரே பிரிகேட்டில் நின்ற 11ஆம் குதிரைப்படையும் 2ஆம் லான்சர்ஸும் எதிரெதிர் அணிகளில் நின்றன. இம்முறை இரண்டு பக்கமும் உண்மையான தாங்கிகள் இருந்தன.